ஒரு வருசம் ஐந்து மாதம்

என் அம்மா அரசாங்கத்துக்கு 24 வருசம் 7 மாதம் பெருக்கினார். அரசாங்கத்தின் கணக்கில் அவர் பெருக்கியது 8 வருசம் 7 மாதம். நடுவில் காணாமல் போன 16 வருசத்தைப் பற்றித்தான் இந்த இதழின் தலையங்கம்.

சொந்தக் கதையைத் தலையங்கத்தில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சேரியில் பிறந்தவனுக்குச் சொந்தக் கதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு வீட்டுக் கதையைச் சொன்னால் ஒன்பது வீட்டுக்காரர்கள் 'இது எங்க வூட்டுக் கதையாச்சே' என்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

1973 டிசம்பரில் ஒரு வட்டத் தலைநகரத்தில் இருந்த அரசு அலுவலகத்தில் அம்மா ஸ்வீப்பராகச் சேர்ந்தார். சேர்ந்தார் என்றால் கையில் நியமன ஆணை எதுவும் கொடுக்கவில்லை. அதுவரை பெருக்கிக்கொண்டிருந்த அத்தை உடம்புக்கு முடியாமல் படுத்தபோது, 'நாளையிலேருந்து நீ வந்துடு' என்று தலைமை எழுத்தர் சொன்னார். அவ்வளவுதான். காலை 6 மணிக்குப் போவார். கூட்டுவார், தண்ணீர் தெளிப்பார், கக்கூஸ் கழுவுவார், குப்பையை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவார். குடிதண்ணீர்ப் பானையை மட்டும் தொடக்கூடாது. அதற்கு வேறு ஆள். பகலெல்லாம் 'எங்கடி போய்ட்டா அவ' என்ற குரலுக்குக் காத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். கடைசி எழுத்தர் கிளம்பிய பிறகு மறுபடியும் ஒரு தடவை பெருக்கிவிட்டு, இருட்டின பிறகு வீட்டுக்கு வருவார்.

இதற்குக் கிடைத்த காசு 'சம்பளம்' என்ற தலைப்பில் வரவில்லை. 'சில்லறைச் செலவினம்' என்ற தலைப்பில் வந்தது. கண்டின்ஜென்சி என்பார்கள். பினாயில், துடைப்பம், மைப்புட்டி வாங்கும் அதே தலைப்பு. துடைப்பமும் சில்லறை, துடைப்பம் பிடித்த கையும் சில்லறை. 16 வருசம் இப்படிப் போனது. 1989 டிசம்பரில்தான் நிரந்தரமாக்கினார்கள். 1998 ஜூன் கடைசியில், 60 வயதில், மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

பென்ஷன் பேப்பர் போடப் போனபோது நானும் கூடப் போனேன். பிரிவு எழுத்தருக்கு என் வயசுகூட இருக்காது. பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "பென்ஷனுக்குப் பத்து வருசம் சர்வீஸ் வேணும். உனக்கு எட்டு வருசம் ஏழு மாசம்தான். ஒரு வருசம் அஞ்சு மாசம் கொறையுது."

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் கேட்டார்: "சார், அந்த ஒரு வருசம் அஞ்சு மாசத்த நான் சும்மா வந்து பெருக்கிக் குடுத்துட்றேன் சார். காசு வேணாம். அதச் சேத்துக்கினு பென்ஷன் போட்ருவீங்களா?"

அந்த அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாகச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்கிறது. எனக்கும் அப்போது வெட்கமாக இருந்தது, 'வாம்மா போலாம்' என்று கையைப் பிடித்து இழுத்தேன். பணிக்கொடை என்று ஒரே ஒரு தடவை ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

அன்றைக்குச் சிரித்தவர்களுக்கும் எனக்கும் தெரியாத ஒன்று உண்டு. அம்மா கேட்டது பைத்தியக்காரத்தனமான கேள்வி அல்ல. இல்லாத பணிக்காலத்தைச் சேர்த்துக்கொள்வது, விலை கொடுத்து வாங்குவது, போனஸாகப் பெறுவது எல்லாம் உலகத்தில் நடக்கிற காரியம்தான். யாருக்கு நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 2003-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 5 வருசம் வேலை பார்த்த அரசு ஊழியர், தான் வேலையே பார்க்காத இன்னொரு 5 வருசம் வரைக்கும் பணம் கட்டி வாங்கித் தன் பணிக்காலத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். பேச்சு வழக்கில் அதற்கு 'ஏர் டைம்' என்று பேர். காற்றில் இருந்து எடுத்த வருசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012 முடிவோடு இதை நிறுத்தினார்கள். தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. நிறுத்தியது செல்லும் என்று 2019 மார்ச்சில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடப்பில் இருந்த காலத்தில் வாங்கியவர்களுக்கு அந்த வருசங்கள் வருசங்கள்தான்.

அவ்வளவு தூரம் போவானேன், இங்கேயே பாருங்கள். ஒன்றிய அரசின் 1972-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில், பட்டாளத்தில் இருந்து வந்து சிவில் வேலையில் சேர்ந்தவர், அங்கே வாங்கிய பணிக்கொடையைத் திருப்பிக் கட்டினால் பட்டாளத்துச் சேவையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் 36 மாதத் தவணை. அதே விதிகளில் இன்னொன்றும் இருந்தது. உயர் ஆய்வுப் படிப்போ சிறப்புத் தகுதியோ வேண்டிய அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளுக்கு 25 வயதைத் தாண்டி வருகிறவர்களுக்கு, அவர்கள் பார்த்த வேலையில் கால்பங்கு, சேரும்போது 25 வயதுக்கு மேல் போயிருந்த காலம், 5 வருசம், இதில் எது குறைவோ அதை மேலே சேர்த்துக் கொடுத்தார்கள். படித்ததில் வயசு போய்விட்டதாம், அதற்கு ஈடு.

இன்னும் மேலே போவோம். வழக்கறிஞராக இருந்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆகிறவர்கள் காலம் கடந்து பதவிக்கு வருவதால் முழு ஓய்வூதியத்துக்கு வருசம் பத்தவில்லை. 2014 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் பி.ராமகிருஷ்ணம் ராஜு வழக்கில், அவர்கள் வழக்கறிஞர் தொழில் பார்த்த காலத்தில் 10 வருசத்தைப் பணிக்காலத்தோடு சேர்த்து ஓய்வூதியம் கணக்கிட வேண்டும் என்றது. 2016-ல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கி, 2004 ஏப்ரல் 1-லிருந்தே பொருந்தும் என்றும் எழுதிவிட்டது.

இதில் எதையும் நான் தப்பு என்று சொல்ல வரவில்லை. படிக்கப் போன காலத்துக்கு ஈடு கொடு, கோட்டு மாட்டிக்கொண்டு சொந்தத் தொழில் பார்த்த காலத்தையும் கணக்கில் எடு, ஞாயம்தான். அதே ஞாயம் துடைப்பத்துக்கு ஏன் வரவில்லை? வழக்கறிஞர் அந்த 10 வருசம் அரசாங்கத்துக்கு வேலை செய்யவில்லை, கட்சிக்காரரிடம் ஃபீஸ் வாங்கினார். என் அம்மா அந்த 16 வருசமும் அரசாங்கத்துக்குத்தான் பெருக்கினார், அரசாங்கத்தின் கஜானாவில் இருந்துதான் காசு வாங்கினார். ஒருவருக்கு அது அனுபவம். இன்னொருவருக்கு அது சில்லறை.

விதி இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978, விதி 11. சில்லறைச் செலவினத்தில் ஊதியம் பெற்ற காலத்தில் பாதியை, நிரந்தரமான பிறகு பார்த்த காலத்தோடு சேர்க்கலாம் என்கிறது. அம்மாவின் 16-ல் பாதி 8. அதோடு 8 வருசம் 7 மாதம். ஆக 16 வருசம் 7 மாதம். பத்தைத் தாண்டி எங்கேயோ போய்விடுகிறது! இந்த விதியை நானே கண்டுபிடித்து 2001-ல் மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது: மனுதாரர் பகுதி நேரப் பணியாளராக இருந்ததால் விதி பொருந்தாது.

ஆமாம், விதியில் நிபந்தனைகள் உண்டு. முழு நேர வேலையாக இருந்திருக்க வேண்டும். நிரந்தரப் பதவி ஏற்படுத்தத் தக்க வேலையாக இருந்திருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் தொடர்ந்து, அப்படியே நிரந்தரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். காலை 6 மணிக்குப் போய் இருட்டின பிறகு வந்தவர் எப்படிப் பகுதி நேரம் ஆனார்? பட்டியலில் அப்படி எழுதியிருந்தது. எழுதியவர் யார்? யாரோ ஒரு எழுத்தர். ஏன் எழுதினார்? அதற்கு முந்தின மாதப் பட்டியலில் அப்படி இருந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நானும் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன். இட ஒதுக்கீட்டில் படித்து, இட ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்து, இன்று பென்ஷன் வாங்குகிறவன். 1994-ல் வேறொரு ஊர் அலுவலகத்தில் என் மேசைக்கு ஒரு ஸ்வீப்பரம்மாவின் பட்டியல் வந்தது. முந்தின மாதத்தைப் பார்த்து 'பகுதி நேரத் துப்புரவாளர்' என்று என் கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். அந்த அம்மா காலையில் எனக்கு முன்னால் வந்து, சாயங்காலம் எனக்குப் பின்னால் போனதைத் தினமும் பார்த்தவன் நான். ஒரு மாதம் அல்ல, மூன்று வருசம் எழுதினேன். என் அம்மாவுக்கு வந்த பதிலைக் கையில் பிடித்தபோதுதான், அந்த இரண்டு சொல்லுக்கு என்ன எடை என்று எனக்குத் தெரிந்தது. நான் யார் வீட்டுப் பென்ஷனை அழித்தேன் என்று இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாதி எங்கே இருக்கிறது என்று கேட்கிற மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறேன். அது ஊருக்கு நடுவில் மட்டும் இல்லை, தேநீர்க் கடையில் மட்டும் இல்லை. செலவுத் தலைப்பில் இருக்கிறது, பட்டியலின் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. யாரும் யாரையும் சாதி சொல்லித் திட்டாமலேயே, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமலேயே, சேரியில் பிறந்த எழுத்தன் கையாலேயேகூட அது தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

ஓய்வூதியம் அரசாங்கம் பார்த்துப் போடுகிற பிச்சை அல்ல. 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஊழியரின் சொத்துரிமை என்றது. 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் அது தயவு அல்ல, பார்த்த வேலைக்கு உரியது என்று மறுபடியும் சொன்னது. ஒவ்வொரு வருசமும் அந்தத் தேதியை ஓய்வூதியர் நாள் என்று கொண்டாடுகிறார்கள். அந்தக் கூட்டங்களுக்கு நானும் போகிறேன். மேடையில் சால்வை போர்த்துகிறார்கள். கூட்டம் முடிந்து மண்டபத்தைப் பெருக்க வருகிற அம்மாவுக்கு எந்த நாளும் இல்லை.

2009-ல் தமிழக அரசு அரசாணை 408 போட்டது. தொகுப்பூதியம், மதிப்பூதியம், தினக்கூலி என்று வேலை பார்த்த காலத்திலும் பாதியைச் சேர்க்கலாம் என்றது. ஆனால் 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் நிரந்தரமாகியிருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் தள்ளினார்கள் அல்லவா, அதே கோடுதான் இங்கேயும். 1985-ல் இருந்து தினக்கூலியாக இருந்தவரை 2002-ல் நிரந்தரமாக்கினால் பாதி கிடைக்கும், 2004-ல் நிரந்தரமாக்கினால் ஒன்றும் கிடைக்காது. தாமதம் செய்தது அரசாங்கம், தண்டனை கூலிக்காரருக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2019-ல் அந்தக் கோட்டை உறுதி செய்துவிட்டது.

அதே 2019-ல், செப்டம்பர் 2 அன்று, உச்ச நீதிமன்றம் வேறொரு தீர்ப்பைக் கொடுத்தது. உத்தரப் பிரதேசத்துப் பிரேம் சிங் வழக்கு. 1965-ல் வெல்டராகச் சேர்ந்தவர், 2002-ல்தான் நிரந்தரமாக்கினார்கள், 2007-ல் ஓய்வு. இத்தனை வருசம் வேலை வாங்கிவிட்டு அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்பது அநியாயம் என்று நீதிமன்றம் அந்தக் காலத்தையும் சேர்க்கச் சொன்னது. உ.பி. அரசு என்ன செய்தது தெரியுமா? 2020-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்து, 2021-ல் அதையே சட்டமாக்கி, அந்தத் தீர்ப்பின் பலன் ஊழியருக்குப் போகாதபடி கதவைச் சாத்தியது. நீதிபதிகளுக்கு 10 வருசம் சேர்க்கவும் சட்டம் வருகிறது. வெல்டரின் வருசத்தைப் பறிக்கவும் சட்டம் வருகிறது. சட்டம் எந்தப் பக்கம் வேகமாக ஓடும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னேன். அங்கேயும் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள், மெம்பிஸ் நகரத்தில். 1968 பிப்ரவரி 1-ல் குப்பை லாரியின் நசுக்கும் எந்திரத்தில் சிக்கி இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பிப்ரவரி 12-ல் சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். கழுத்தில் 'நான் ஒரு மனிதன்' என்று அட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-ல் சங்கத்தை ஏற்றுக்கொண்டு, கூலியை உயர்த்தி, நகராட்சி உடன்பாட்டுக்கு வந்தது.

ஆனால் அன்றைக்கு அந்தத் தொழிலாளர்கள் நகராட்சி ஓய்வூதியத்துக்குப் பதிலாக நாட்டின் பொதுவான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தார்கள். அந்தத் தொகை பத்தவில்லை. உலகமே கொண்டாடிய வேலைநிறுத்தத்தை நடத்தியவர்களில் சிலர் 80 வயசைத் தாண்டியும் குப்பை வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். 2017-ல், ஏறக்குறைய 50 வருசம் கழித்து, உயிரோடு மிஞ்சியிருந்தவர்களுக்குத் தலைக்கு 50,000 டாலர் என்று அறிவித்து, பிறகு அதை 70,000 ஆக உயர்த்திக் கொடுத்தது மெம்பிஸ் நகராட்சி. செத்துப்போனவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. ஆனாலும் தோழர்களே, அங்கே ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இழந்த வருசத்துக்கு விலை உண்டு, அதைக் கட்ட வேண்டியது வேலை வாங்கியவர்.

நான் இந்தத் தலையங்கத்தில் சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான். பணிக்காலத்தை விலைக்கு வாங்கலாம் என்றால், வாங்க வேண்டியவர் அரசாங்கம். அம்மாவை ஒரு வருசம் ஐந்து மாதம் சும்மா பெருக்க வைக்கும்படி நாம் கேட்கவில்லை. 16 வருசம் ஏற்கெனவே பெருக்கியாகிவிட்டது. அதற்கான விலையைக் கட்டு என்கிறோம்.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 10 வருசம் என்ற கோடு அப்படியே இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்திலும் குறைந்தபட்சமான 10,000 ரூபாய்க்கு 10 வருசப் பணி வேண்டும். அதைவிட மோசம், அந்தக் கோட்டின் பக்கத்தில்கூட வர முடியாதபடி இன்று வேலையை ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்கிறார்கள். சில்லறைச் செலவினத்தில் இருந்த அம்மாவுக்கு அரசாங்கத்துப் பட்டியலில் ஒரு வரியாவது இருந்தது. ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தது எதற்காக? பல வருசம் மாநகராட்சிக் குப்பையை அள்ளியவர்களைத் தனியார் ஆளாக மாற்றாதே என்பதற்காக. நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. துப்புரவு என்பதைத் தூய்மை என்று மாற்றினார்கள். பேர் மாறியது, பட்டியல் மாறவில்லை.

ஒரு வெளிச்சம் இருக்கிறது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஜக்கோ வழக்கில், ஒன்றிய அரசின் மத்திய நீர் ஆணையத்தில் பல வருசம் துப்புரவு வேலை பார்த்து வெளியே அனுப்பப்பட்டவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. பகுதி நேரம், தற்காலிகம் என்று ஏட்டில் எழுதிவைத்ததால் வேலையின் தன்மை மாறிவிடாது என்பதுதான் அதன் சாரம். வெளியே இருந்த காலத்தையும் ஓய்வுக்காலப் பலன்களுக்குக் கணக்கில் எடுக்கச் சொன்னது. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு சேரிக்கும் கொண்டுபோக வேண்டியது நம் வேலை.

நமது கோரிக்கைகள் எளிமையானவை. பார்த்த வேலை முழுவதையும் கணக்கில் எடு, பாதியை அல்ல. முழு நேரமா பகுதி நேரமா என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்துக்கு, படிப்பறிவு மறுக்கப்பட்ட தொழிலாளிக்கு அல்ல. பங்குத் தொகை கட்ட வேண்டுமென்றால் வேலை வாங்கியவர் கட்டட்டும். நிரந்தரமாக்கத் தாமதித்தது யாரோ, 2003 கோட்டின் சுமையும் அவருக்கே.

கோரிக்கை மட்டும் போதாது. நமது தலித் அரசு ஊழியர் சங்கங்கள் பதவி உயர்வுக்கும் சுழற்சி முறைக்கும் போராடின. போராட வேண்டியதுதான். ஆனால் அதே அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த ஸ்வீப்பரம்மாவைச் சங்கத்தில் சேர்த்தோமா? சந்தா வாங்கினோமா? நான் வாங்கவில்லை. இதைச் சுயவிமர்சனமாக வைக்கிறேன்.

மாணவத் தோழர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் வீடு வீடாகப் போங்கள். எந்த ஆபீஸ், எந்த வருசம் சேர்ந்தாங்க, காலையில எத்தனை மணிக்குப் போனாங்க, எப்ப வந்தாங்க, கூட வேலை பார்த்தவங்க யாரு, காசு எப்படிக் குடுத்தாங்க, எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலையும், சில்லறைச் செலவின வவுச்சர்களையும், பணிப்பதிவேட்டையும் கேளுங்கள். நகல் தர மறுத்தால் நேரில் பார்க்கக் கேளுங்கள், அதற்கும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. கரையானுக்கும் பழைய பேப்பர்க் கடைக்கும் போவதற்கு முன்னால் கேளுங்கள். எழுத்தராக இருக்கிற தோழர்களே, அடுத்த மாதப் பட்டியலை முந்தின மாதத்தைப் பார்த்து எழுதாதீர்கள். வாசலைப் பார்த்து எழுதுங்கள்.

அம்மா 2012-ல் இறந்துபோனார். கடைசி வரைக்கும் பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். என் பணத்தை வாங்கிக்கொள்ள மாட்டார். "எனக்குக் கவர்மென்ட்டு குடுக்கணும்டா, நீ இல்ல" என்பார்.

நமது இதழின் சார்பில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். முதல் வரியில் அம்மாவின் பெயரை நான் எழுதினேன். 1973 டிசம்பர் முதல் 1998 ஜூன் வரை. 24 வருசம் 7 மாதம். முழு நேரம்.

இரண்டாவது வரி உங்களுடையது. எழுதி அனுப்புங்கள்.

ஜெய் பீம்!